குஃபுவின் படகைப் பார்க்கப் போகிறீர்களா? எங்கே நின்று, எதைப் பார்க்க வேண்டும்

கெய்ரோவில் ஒன்றரை நாள்தான் இருக்கிறது, வயதான அம்மா அப்பாவும் கூட வருகிறார்கள், பிரமிட் பக்கத்தில் இருந்த படகு மியூசியத்தை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், பெரிய பிரமிட்டைக் கட்டிய எகிப்திய அரசர் குஃபுவின் அந்தப் படகு இப்போது எங்கே, அது அசலா இல்லை மறுபடி செய்து வைத்ததா, நிஜமாகவே தண்ணீரில் ஓடியதா, இருக்கிற கொஞ்ச நேரத்தில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கண்டிப்பாக ஒதுக்குங்கள், முடிந்தால் ஒரு மணி நேரத்தை இரண்டாக்குங்கள். துட்டன்காமனின் தங்க முகமூடியைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள், போகவும் வேண்டும். ஆனால் தங்கத்தைப் பார்த்தால் ஒரு அரசனிடம் எவ்வளவு செல்வம் இருந்தது என்பது தெரியும், அவ்வளவுதான். அந்த நாட்டுத் தச்சனுக்கு மரத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் என்ன தெரிந்திருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள இந்தப் படகைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து எகிப்தில் வேறு இல்லை. சுமார் 4,500 ஆண்டு வயதுள்ள, 43 மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு மரப்படகு, கிட்டத்தட்ட முழுதாக நம் கண் முன்னால் நிற்கிறது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவீர்கள், பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இடம். பழைய பயணப் புத்தகங்களிலும் யூடியூப் வீடியோக்களிலும் பெரிய பிரமிட்டின் தெற்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு நீளமான நவீனக் கட்டடம் தெரியும். இத்தாலியக் கட்டடக் கலைஞர் பிராங்கோ மினிசி வடிவமைத்தது, 1982இல் திறந்தார்கள். படகு கிடைத்த குழியின் மேலேயே அதைக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. படகு 2021 ஆகஸ்டில் அங்கிருந்து பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அந்த அருங்காட்சியகம் 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்டது, குஃபு படகுகளுக்கென்று அங்கே முக்கியக் கட்டடத்திலிருந்து தனியாக ஒரு கட்டடம் இருக்கிறது. வழிகாட்டி யாராவது "பிரமிட்டுக்குப் பின்னால் படகு மியூசியம் காட்டுகிறேன்" என்று சொன்னால் காசு கொடுத்துவிடாதீர்கள்.

இடம் மாற்றிய கதையைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். பழைய கட்டடத்தில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கட்டுக்குள் வைப்பது பெரிய தலைவலியாக இருந்தது, பாலைவன வெயிலில் கண்ணாடி வைத்த கட்டடத்துக்குள் இவ்வளவு பழைய மரத்தை வைத்தால் வேறு என்ன ஆகும். சரி, மாற்ற வேண்டும், ஆனால் எப்படி? மறுபடியும் துண்டு துண்டாகக் கழற்றலாமா? வேண்டாம், முழுசாகவே கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தார்கள். சுற்றிலும் ஒரு உலோகக் கூண்டு கட்டி, அதிர்வு தாங்கும் ஏற்பாடுகளோடு, பெல்ஜியத்திலிருந்து வரவழைத்த ரிமோட் வண்டியில் ஏற்றி, ஏழரை கிலோமீட்டர் தூரத்தை ஏறத்தாழ பத்து மணி நேரத்தில் கடந்தார்கள். 20 டன் எடை. ஆள் நடந்து போகிற வேகத்துக்கும் குறைவு. படகைப் போய்ப் பார்க்கும்போது அதன் பொருத்துகளைக் கவனித்தால் ஏன் அவ்வளவு மெதுவாகப் போனார்கள் என்பது தானாகவே புரியும்.

இப்போது அசலா நகலா என்ற கேள்வி. மரம் பெரும்பாலும் அசல். கயிறு புதியது. சில பலகைகளில் பழுது பார்த்த இடங்கள் உண்டு. இது எப்படிச் சாத்தியமானது என்பதற்கு அது கிடைத்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1954இல் பெரிய பிரமிட்டின் தெற்குப் பக்கத்தில் மலைபோல் குவிந்து கிடந்த மணலையும் கல் குப்பையையும் அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த கமால் எல் மல்லாக் என்ற இளம் கட்டடக் கலைஞர் ஒன்றைக் கவனித்தார். பிரமிட்டைச் சுற்றி இருந்த பழைய மதில் மற்றப் பக்கங்களில் ஒரே தூரத்தில் இருக்கிறது, தெற்கில் மட்டும் பிரமிட்டுக்குக் கிட்டே இருக்கிறது. அளவில் இவ்வளவு கண்டிப்பாக இருந்தவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் ஏன் மாற்றிக் கட்ட வேண்டும்? எதையோ மறைக்கத்தான் என்று அவருக்குப் பட்டது. மதிலின் கீழே தோண்டியபோது வரிசையாகப் பெரிய சுண்ணாம்புக் கற்பாளங்கள், ஒவ்வொன்றும் பத்து டன்னுக்கும் மேல் எடை, மொத்தம் 41. இடுக்கெல்லாம் சாந்து பூசி அடைத்திருந்தது. மே 26 அன்று ஒரு இடத்தில் துளை போட்டுப் பார்த்தார்கள். உள்ளே இருட்டு, கூடவே மர வாசனை. சாம்பிராணி மணம் போல ஒன்று வந்தது என்று மல்லாக் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு கண்ணாடியை வைத்து வெயிலை உள்ளே திருப்பியபோது துடுப்பின் அலகு தெரிந்தது.

கற்பாளங்களில் குஃபுவின் மகனும் அவருக்குப் பின் அரசரானவருமான ஜெதெஃப்ரேயின் பெயர் சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதாவது அப்பா இறந்த பிறகு இந்தக் குழியை மூடி முடித்தவர் மகன். எனக்கு இந்த விவரம் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பிரமிட் என்றால் ஒரு அரசனின் தற்பெருமை என்றே பேசுகிறோம், இங்கே ஒரு மகன் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய கடைசிக் காரியத்தைச் செய்து முடித்ததற்கான கையெழுத்து கிடக்கிறது.

குழியின் நீளம் 31 மீட்டர் சொச்சம். படகு 43 மீட்டருக்கும் மேல். அதனால் முழுசாக வைக்கவில்லை, கழற்றி, ஒழுங்காக 13 அடுக்குகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். மொத்தம் 1,224 துண்டுகள். மிகச் சிறியது ஒரு சாண் கூட இருக்காது, மிக நீளமானது 23 மீட்டர். கயிறுகளும் பாய்களும் கூட இருந்தன.

இதை ஒன்று சேர்த்தவர் பெயரை நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்: ஹாஜி அகமது யூசுப் முஸ்தபா. எகிப்தியத் தொல்லியல் துறையில் பழுதுபார்ப்பவராக இருந்தவர், குஃபுவின் தாய் ஹெத்தெபெரெஸின் கல்லறையில் கிடைத்த மரச் சாமான்களில் வேலை செய்து பெயர் வாங்கியவர். ஆனால் படகு கட்டிய அனுபவம் அவருக்குக் கிடையாது. உலகத்திலேயே அந்த மாதிரிப் படகைக் கட்டத் தெரிந்த ஒருவரும் உயிரோடு இல்லையே. அவர் என்ன செய்தார் தெரியுமா, நைல் கரையில் மரப்படகு கட்டுகிற பட்டறைகளுக்குப் போய் உட்கார்ந்து அந்தத் தச்சர்களிடம் வேலையைக் கற்றுக்கொண்டார். பழைய கல்லறைச் சுவர்களில் செதுக்கியிருக்கும் படகு கட்டும் காட்சிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். துண்டுகளை அளந்து சிறிய மாதிரிகள் செய்து முதலில் அவற்றைச் சேர்த்துப் பார்த்தார். பிறகு உண்மையான மரத்தைச் சேர்க்கத் தொடங்கி, சேர்ப்பதும், தவறு தெரிந்ததும் பிரிப்பதும், மறுபடி சேர்ப்பதுமாக வருடங்கள் போயின. மொத்த வேலைக்கும் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது.

நடுவில் அவருக்கு ஒரு பெரிய உதவி கிடைத்தது, அதுவும் பழைய தச்சர்களிடமிருந்தே. துண்டுகள் பலவற்றில் சின்னச் சின்னக் குறிகள் போட்டிருந்தார்கள். அவை படகின் நான்கு பகுதிகளைக் குறிப்பவை: முன்பக்கம் வலம், முன்பக்கம் இடம், பின்பக்கம் வலம், பின்பக்கம் இடம். கழற்றியவர்கள், மறுபடி யாராவது பூட்டுவார்கள் என்று நினைத்து எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் நினைத்த ஆள் மறுமையில் இருக்கும் அரசனின் பணியாளாக இருந்திருக்கலாம். படித்துப் பயன்படுத்தியவர் இருபதாம் நூற்றாண்டின் ஒரு கெய்ரோக்காரர்.

இனி அருங்காட்சியகத்துக்குள் நின்று பார்க்க வேண்டியவை. வாசலில் நுழைந்ததும் முன்முனையும் பின்முனையும் வளைந்து மேலே எழுந்திருப்பதுதான் கண்ணைப் பறிக்கும். முன்முனை சுமார் 6 மீட்டர், பின்முனை 7 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும். அந்த வடிவம் பாப்பிரஸ் கோரைக் கட்டுகளால் கட்டிய பழைய தெப்பங்களைப் பார்த்து வைத்தது. மரத்தில் அதற்குத் தேவையே இல்லை, ஆனால் புனிதமான படகு என்றால் கோரைப் படகு மாதிரிதான் இருக்க வேண்டும் என்ற மரபு. மேல்தளத்தில் ஒன்பது மீட்டர் நீளத்தில் மூடிய அறை ஒன்று, ஜன்னல் கிடையாது. அறைக்கு மேலும் சுற்றிலும் மெல்லிய கால்களால் ஆன சட்டம் இருக்கிறது, அதன்மேல் துணியோ பாயோ விரித்து வெயிலைத் தடுத்திருப்பார்கள். அந்தக் கால்களின் உச்சியில் பாப்பிரஸ் மொட்டு வடிவம் செதுக்கியிருக்கும், கவனியுங்கள். ஐந்து ஜோடித் துடுப்புகள், பின்னால் திசை திருப்ப இரண்டு. பாய்மரம் இல்லை.

இதெல்லாம் எல்லோரும் பார்ப்பது. இதோடு நிறுத்தாமல் கீழே இறங்கி, படகின் அடிப்பகுதி தெரிகிற இடத்தில் நில்லுங்கள். என்னைக் கேட்டால் உங்கள் நேரத்தில் பாதியை அங்கேதான் செலவு செய்ய வேண்டும்.

அடியில் ஏரா, அதாவது படகின் முதுகெலும்பு போல நீளவாக்கில் ஓடும் கட்டை, இல்லை, தட்டையான அடி. நம் கடலோரத்தில் முதலில் ஏரா வைத்து, விலா எலும்பு போன்ற வங்குகள் நிறுத்தி, அதன்மேல் பலகை அடிப்பார்கள். இங்கே தலைகீழ். முதலில் பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கூட்டை உருவாக்கி, உள்ளே தாங்குகட்டைகளைப் பிறகு வைத்திருக்கிறார்கள். பலகைகள் 13, 14 சென்டிமீட்டர் தடிமன், ஓரங்கள் நேர்கோடாக இல்லை, அங்கங்கே படிபோல வெட்டி அடுத்த பலகையின் வெட்டோடு கடித்துக்கொள்கிற மாதிரி செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று முன்னே பின்னே நகரவே முடியாது. பக்கத்துப் பலகைகளுக்கு நடுவே துளை வெட்டி அதில் கழுந்துகள், அதாவது இரண்டு பலகையையும் பிணைக்கும் சிறு மரத்துண்டுகள், செருகியிருக்கிறார்கள். பலகை லெபனான் கேதுரு மரம், கழுந்துகளுக்கு உறுதியான இலந்தை வகை மரம். எந்த வேலைக்கு எந்த மரம் என்பதில் அவ்வளவு தெளிவு.

அப்புறம் கயிறு. கூட்டைச் சேர்த்துப் பிடிப்பது ஆணி இல்லை, கயிறுதான். பலகையின் உள்பக்கத்தில் ஆங்கில வி எழுத்து வடிவில் துளை குடைந்திருக்கிறார்கள். கயிறு உள்பக்கத்தில் ஒரு வாயில் நுழைந்து, மரத்தின் தடிமனுக்குள்ளேயே திரும்பி, உள்பக்கத்திலேயே இன்னொரு வாயில் வெளிவருகிறது. வெளிப்புறம் ஒரு துளை கூட இல்லை. தண்ணீர் படுகிற பக்கத்தில் கயிறும் தெரியாது, துவாரமும் தெரியாது. அந்தக் கயிறுகள் படகின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை குறுக்காக ஓடி எல்லாப் பலகையையும் இழுத்துக் கட்டுகின்றன. பலகைகள் சேரும் கோடுகளின் மேல் உள்பக்கமாக நீளமான மரச் சட்டங்களை வைத்து, அவற்றையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள், கட்டு இறுக இறுகச் சட்டம் பொருத்தின்மேல் அழுந்தும். தண்ணீரில் விட்டால் மரம் ஊறி உப்பும், கயிறு நனைந்து சுருங்கும், இரண்டும் சேர்ந்து இடுக்கை அடைத்துவிடும். இந்த இடத்தில் நின்று யோசித்தால், வெறும் செப்பு உளியை வைத்துக்கொண்டு இதைச் செய்த கைகள் மேல் மரியாதை தானாக வருகிறது.

கயிற்றால் தைத்த படகு நமக்குப் புதிதில்லை. துறைமுகம் கட்டும் முன் சென்னைக் கரையில் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டி இறக்கிய மசூலா படகுகள் தென்னங்கயிற்றால் தைத்தவை. அலையில் வளைந்து கொடுப்பதற்காகவே அப்படி. ஆனால் மசூலாவில் தையல் பலகையை ஊடுருவி வெளியே தெரியும், குஃபுவின் தச்சர்கள் அதை உள்ளேயே ஒளித்துவிட்டார்கள். இரண்டுக்கும் உறவு இருப்பதாகச் சொல்லவில்லை. ஆனால் தைத்த படகைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்களுக்கு அந்தக் கட்டுகள் சீக்கிரம் பிடிபடும், உங்கள் அப்பாவிடம் இதைக் காட்டிச் சொல்லுங்கள்.

மரம் எங்கிருந்து வந்தது? எகிப்தில் நீளப் பலகைக்கு மரமே கிடையாது, கருவேல இனமும் அத்தி இனமும் குட்டையாக வளர்பவை. 23 மீட்டர் பலகை வேண்டுமென்றால் கடல் கடந்து லெபனான் மலைக்குத்தான் போக வேண்டும். குஃபுவின் தந்தை ஸ்னெஃப்ரு காலத்தில் கேதுரு மரம் ஏற்றிய 40 கப்பல்கள் வந்ததாக பலெர்மோ கல் என்ற பழைய ஆண்டுக் குறிப்பில் பதிவு இருக்கிறது. எனவே இந்த ஒரு படகைப் பார்க்கும்போது, அதன் பின்னால் மரம் ஏற்றி வந்த கப்பல்கள், அவற்றைக் கட்டிய துறைகள், அங்கே வேலை செய்தவர்கள் எல்லாம் சேர்ந்தே இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கழற்றி வைத்தது சடங்குக்காக மட்டும்தானா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கயிற்றால் கட்டிய படகின் பெரிய வசதியே கழற்றலாம், தூக்கிக்கொண்டு போகலாம், மறுபடி பூட்டலாம் என்பதுதான். செங்கடல் கரையில் வாதி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் குஃபு காலத்துத் துறைமுகம் ஒன்றைப் பியர் தாலே என்ற பிரெஞ்சு அறிஞரின் குழு தோண்டியது. அங்கே பாறையில் குடைந்த நீளமான அறைகளில் படகுத் துண்டுகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். நைலிலிருந்து பாலைவனம் வழியாகத் துண்டுகளாகக் கொண்டுபோய், கடற்கரையில் பூட்டி, பயணம் முடிந்ததும் மறுபடி பிரித்து அறையில் வைத்துவிடுவார்கள். 2013இல் அங்கே கிடைத்த, பாப்பிரஸ் கோரையால் செய்த தாள் சுருள்கள் உலகிலேயே மிகப் பழமையான எழுதிய பாப்பிரஸ்கள், அவற்றில் ஒன்று மெரர் என்ற அதிகாரியின் நாட்குறிப்பு. தன் ஆட்களோடு துரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி கீசாவுக்கு, அதாவது குஃபுவின் பிரமிட்டுக்கு, மாற்றி மாற்றி ஓட்டியதை அவர் நாள்வாரியாக எழுதியிருக்கிறார். நீங்கள் பார்க்கப் போகும் அந்தப் படகும், மெரரின் சரக்குப் படகுகளும் ஒரே காலம், ஒரே அரசன். ஒன்று அரசனுக்கு, மற்றவை கல்லுக்கு. ஆனால் கழற்றிப் பூட்டும் வித்தை இரண்டு பக்கத்துக்கும் பழக்கமானது. அதனால் குழியில் 13 அடுக்காகப் படகை வைத்தவர்கள் அன்று புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, தினமும் செய்கிற வேலையைத்தான் மிகுந்த கவனத்தோடு செய்தார்கள்.

சரி, இது தண்ணீரில் ஓடியதா? இதில்தான் அறிஞர்களுக்குள் சண்டை. தகவல் பலகைகளிலும் வழிகாட்டிகள் பேச்சிலும் "சூரியப் படகு" என்றே கேட்பீர்கள். இறந்த அரசன் சூரியக் கடவுள் ராவோடு பகலில் ஒரு படகிலும் இரவில் ஒரு படகிலும் வானத்தைக் கடக்கிறான், அதற்காக வைத்த படகு என்பது அந்தக் கருத்து. பிரமிட்டின் தெற்கே இரண்டு குழி, இரண்டு படகு (இரண்டாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்) என்பதால் இது கேட்க அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இந்தக் கருத்தைத் தாங்கி நிற்கும் பிரமிட் பாடல்கள் என்ற சமய வாசகங்கள் சுவரில் முதலில் எழுதப்பட்டது குஃபுவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து, உனாஸ் என்ற அரசரின் பிரமிட்டில்தான். இன்னொரு கட்சி, இது அரசனின் உடலை நைல் வழியாகக் கொண்டுவந்த சவ ஊர்வலப் படகு என்கிறது. கயிறு இறுகிப் பதிந்த தடங்கள் மரத்தில் இருக்கின்றன, நனைந்து சுருங்கிய கயிறுதான் அப்படிப் பதியும் என்பது அவர்கள் வாதம். அதற்கு மறுப்பும் உண்டு, குழிக்குள் இருந்த ஈரமே அதைச் செய்திருக்கலாம் என்பார்கள். குழியில் மரச் சீவல்கள் கிடந்ததால் படகின் கடைசி வேலைகள் கீசாவிலேயே நடந்தன என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், நான் சவ ஊர்வலப் படகு என்ற பக்கம்தான் சாய்வேன். காரணம், இந்தத் துடுப்புகளால் மட்டும் இவ்வளவு பெரிய படகை நைலின் நீரோட்டத்துக்கு எதிராக இழுக்க முடியாது, ஆனால் வேறு படகுகள் முன்னால் கட்டி இழுக்க, இது நடுவில் அமைதியாக மிதந்து போவது நன்றாகவே நடக்கும், எகிப்தியச் சுவரோவியங்களில் சவப்படகுகளை அப்படித்தான் இழுத்துப் போகிறார்கள். அறைக்கு ஜன்னல் இல்லாததும் அதற்கு ஒத்துப்போகிறது. ஒருமுறை அரசனின் உடலைச் சுமந்த படகை வேறு யாருக்கும் பயன்படாமல் அவரோடேயே புதைப்பது இயல்பான காரியம், பிறகு அதே படகு மறுமையிலும் அவருக்கு உதவும் என்று நம்பியிருப்பார்கள். இரண்டு கருத்தும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியதில்லை.

இப்போது நடைமுறை. காலையில் கீசா மேட்டுக்குப் போங்கள், வெயில் ஏறும் முன். பெரிய பிரமிட்டின் கிழக்குப் பக்கத்தில் பாறையில் படகு வடிவத்திலேயே வெட்டிய பெரிய குழிகள் திறந்தபடி இருக்கும், அவை காலியாகத்தான் கிடைத்தன, பெரும்பாலானவர்கள் ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டே அவற்றைக் கடந்து போய்விடுகிறார்கள். விளிம்பில் நின்று அளவைப் பாருங்கள். அப்புறம் தெற்குப் பக்கம் சுற்றிப் போய் நம் படகு கிடைத்த இடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதைப் பார்த்துவிட்டு மதியம் அருங்காட்சியகம் போனால் படகின் நீளம் உடம்புக்கே தெரியும். வரிசையை மாற்றினால் அந்த அனுபவம் பாதியாகிவிடும்.

அருங்காட்சியகத்துக்கு ஆன்லைனில் நேரம் குறித்து முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், வாசலில் போய் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள், கூட்டம் மிக அதிகம். வாரத்தில் சில நாட்கள் இரவு வரை திறந்திருக்கும், முன்பதிவுப் பக்கத்தில் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தால் அம்மா அப்பாவுக்கு அவசரமில்லாமல் இருக்கும். இடம் மிகப் பெரியது, நடக்கச் சிரமம் என்றால் சக்கர நாற்காலியைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள், களைத்த பிறகு தேட வேண்டாம். உள்ளே நுழைந்ததும் நிற்கும் இரண்டாம் ராமேசஸின் சிலையும் பெரிய படிக்கட்டும் உங்களை இழுக்கும், துட்டன்காமன் கூடம் அதைவிட இழுக்கும், ஆனால் கால் வலிக்கும் முன் படகுக் கட்டடத்துக்குப் போய்விட்டு வந்து மற்றதைப் பாருங்கள் என்பேன். துட்டன்காமன் கூடத்துக்குப் போகும்போது அந்தக் கல்லறையில் கிடைத்த மாதிரிப் படகுகளைத் தவறவிடாதீர்கள், மொத்தம் 35 இருந்தன. பெரிய படகின் அடியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சின்னப் படகுகளும் வேறு மாதிரித் தெரியும்.

கடைசியாக இரண்டாவது படகு. இதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இப்போது போகிறவர்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு இதுதான். முதல் குழிக்கு மேற்கே இன்னொரு குழி இருப்பது 1954இலேயே தெரியும், ஆனால் திறக்காமல் விட்டார்கள். 1987இல் கற்பாளத்தில் சிறு துளை போட்டுக் கேமரா அனுப்பிப் பார்த்தார்கள், படகு இருந்தது, கூடவே உயிரோடு ஒரு வண்டும் இருந்தது. காற்றுப் புகாத குழி என்ற நம்பிக்கை அதோடு போயிற்று. மரம் முதல் படகைவிட மோசமான நிலையில் இருந்தது. ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சகுஜி யோஷிமுரா பல ஆண்டுகள் விடாமல் முயன்று, எகிப்தியர்களோடு சேர்ந்து 2011இல் முதல் கற்பாளத்தைத் தூக்கினார். ஒவ்வொரு துண்டையும் குழியிலேயே பலப்படுத்தி, அளந்து, படம் எடுத்து, பிறகு மேலே கொண்டுவர 2021 வரை ஆனது, 1,600க்கும் மேற்பட்ட துண்டுகள். அவற்றில் சில கட்டைகளில் வளைந்த செப்புக் கொக்கிகள் இருந்தன, துடுப்பு மரத்தோடு உரசாமல் இருக்க வைத்தவை என்று கருதுகிறார்கள்.

அந்தப் படகைப் பார்வையாளர்கள் கண் முன்னாலேயே, முதல் படகு நிற்கும் அதே கட்டடத்தில் பூட்டுகிறார்கள். 2025 டிசம்பரில் முதல் கட்டைகளை வைத்தார்கள், முடியச் சில ஆண்டுகள் ஆகும். எனவே இப்போது போனால் முழுதாக நிற்கும் ஒன்றும், பாதி வேலையில் இருக்கும் ஒன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். முதல் படகில் கயிற்றுக்குப் பின்னால் மறைந்திருக்கும் துளைகளும், வெட்டுகளும், கழுந்துக் குழிகளும் இரண்டாவதில் திறந்தபடி தெரியும். முதலில் இரண்டாவதைப் பார்த்து, பிறகு முதல் படகின் அடியில் போய் நின்றால் நான் மேலே எழுதிய எல்லாமே எளிதாக விளங்கும். வேலை நடக்கும் நேரமாக அமைந்தால் இன்னும் நல்லது, முன்பதிவு செய்யும்போது வார நாளாகப் பார்த்துப் போடுங்கள்.

எகிப்து போக முடியாத, அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. 1894இல் தஹ்ஷூரில் மூன்றாம் செனுஸ்ரெத்தின் பிரமிட் அருகே ஜாக் தெ மோர்கன் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டெடுத்த படகுகளில் ஒன்று சிகாகோ ஃபீல்ட் மியூசியத்திலும், இன்னொன்று பிட்ஸ்பர்க் கார்னகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. குஃபுவுக்கு எழுநூறு ஆண்டு பிற்பட்டவை, நீளம் பத்து மீட்டர்தான், அலங்காரமும் குறைவு. ஆனால் தனித்தனித் துண்டுகளாகச் சேர்த்த தடித்த பலகைகளையும் கழுந்துகளையும் அங்கேயும் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். பிட்ஸ்பர்க் படகு பராமரிப்பு வேலையில் இருந்ததால், போகும் முன் அது பார்வைக்கு இருக்கிறதா என்று அருங்காட்சியகத்திடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.